வெள்ளை நிறப் பொருட்கள் இரண்டு

கடற்கழுகின் முட்டைகளைப் பிளாஸ்டிக் கழிவு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவன் யார் என்று தேடிக்கொண்டு யாரும் கடைசிவரை வர வேண்டாம்.

கல்லூரி முடித்த கையோடு நான் சேர்ந்தது ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம். சாலை போட, அணை கட்ட, மலையைக் குடைய ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். அதனால் இயற்கைக்கு என்ன ஆகும் என்று நாங்கள் ஆராய்ந்து சொல்வோம். ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வோம். ஆனால் அதை இருநூறு பக்கங்களில் சொல்வோம். எங்கள் முதலாளி கையெழுத்திட்ட எல்லா அறிக்கைகளும் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்றே முடிந்ததால் அலுவலகத்தில் அவருக்குப் 'பாதிப்பில்லை' என்று பெயர். விஷயம் அவர் காதுக்கும் போனது. அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

என் வேலை, களத்திலிருந்து வரும் துண்டுக் குறிப்புகளை முழு வாக்கியங்களாக்குவது. முழு வாக்கியங்களுக்குப் பற்றாக்குறை வந்தால் பழைய அறிக்கைகளிலிருந்து எடுத்துக்கொள்வது. ஒருமுறை ஒரு மலைநாட்டு அறிக்கையைக் கடற்கரைக்கு மாற்றியபோது, 'பனி உருகும் மாதங்களில்' என்று ஒரு பத்தி அப்படியே தங்கிவிட்டது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒப்புதலும் வந்தது. அன்றிலிருந்து நான் பயமில்லாமல் எழுத ஆரம்பித்தேன்.

குடியிருப்பது அக்கா வீட்டில். அக்கா வனவிலங்கு அலுவலகத்தின் கடலோரப் பிரிவில் கூடு கவனிப்பாளர். அப்படி ஒரு வேலை இருப்பது அந்த அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கடற்கரையை ஒட்டிப் பதினோரு கடற்கழுகுக் கூடுகள் உண்டு. ஒவ்வொன்றையும் முந்நூறு மீட்டர் தள்ளி நின்று தொலைநோக்கியில் பார்த்து, நீல அட்டை போட்ட பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குள்ளே ஓர் அடி கூட அக்கா எடுத்து வைத்ததில்லை. போனால் கழுகு எழுந்துவிடும். எழுந்தால் முட்டை தனியாகிவிடும்.

"நான் போனதால அது எந்திரிச்சா, நான் எழுதறது அதைப் பத்தி இல்லடா. என்னைப் பத்தி" என்பாள்.

பதினொன்றில் ஏழாவது கூடு அவளுக்குச் செல்லம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சவுக்கு மரம். அதன் உச்சிக் கவட்டையில் பன்னிரண்டு வருடமாக ஒரே ஜோடி. கடற்கழுகுகள் லேசில் வீடு மாறுவதில்லை. போன வருடத்துக் கூட்டின் மேலேயே இந்த வருடக் குச்சிகளை அடுக்கும். அடுக்கி அடுக்கி அது இப்போது ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அகலத்துக்கு வந்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு முட்டை. ஆறு வாரம் அடை. பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அந்த ஒன்றும் தானாக ஒரு கூடு கட்ட ஐந்தாறு வருடம் பிடிக்கும். அதனால் அக்கா முட்டைகளை எண்ணுவதில்லை, வருடங்களை எண்ணுவாள்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, கல்யாண வீடியோக்காரர். ட்ரோன் வைத்திருக்கிறார். மணமக்கள் மோதிரம் மாற்றும்போது அவர்கள் தலைக்கு மேல் அது தேனீ மாதிரி ரீங்கரிக்கும். அந்தச் சத்தத்தை அழித்துவிட்டு வயலின் போடுவார்.

துறைமுகத்திலிருந்து நெடுஞ்சாலைக்குச் சரக்குச் சாலை ஒன்று வருவதாக முடிவானது. ஏழாவது கூடு இருந்த சவுக்கு மரம் சாலையின் நட்ட நடுவில் நின்றது. மரம் அங்கே முப்பது வருடமாக நிற்கிறது, சாலை போன வருடம்தான் காகிதத்துக்கே வந்தது. ஆனாலும் எங்கள் அறிக்கையில் மரத்துக்குத்தான் 'இடையூறு' என்று பெயர். விதி என்னவென்றால், பறவை குடியிருக்கும் கூட்டைத் தொடக் கூடாது. தொடர்ந்து பதினான்கு நாள் பறவை இல்லை என்று படத்தோடு நிரூபித்தால் அது கைவிடப்பட்ட கூடு, மரத்தை வெட்டலாம்.

படம் எடுக்க ட்ரோன்காரர் ஒருவர் வேண்டும் என்றார் பாதிப்பில்லை. "எங்க மாமா இருக்காரு சார்" என்றேன் நான். குடும்பத்துக்கு நல்லது செய்வதாக நினைப்பு. மாமாவுக்குச் செய்தியும் நானே அனுப்பினேன்: 'தினமும் நண்பகல், நிழல் விழாத நேரம். கூடு தெளிவாகத் தெரிய வேண்டும். மறைப்பு எதுவும் கூடாது.'

அக்கா அப்போது ஊரில் இல்லை. ஏழாவது கூட்டில் அடை தொடங்கிய ஒன்பதாம் நாள், கழுகுகளைப் பாதுகாப்பது எப்படி என்று பதினைந்து நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். கைப்பேசியைக் கூட வாங்கி வைத்துக்கொண்டார்களாம், கவனம் சிதறக் கூடாதென்று.

அவள் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை மாலை. தோளில் பை, கையில் பயிற்சியில் கொடுத்த போஸ்டர். அதில் 'நம் கழுகுகள், நம் பெருமை' என்று எழுதி வேறொரு கண்டத்துக் கழுகின் படம் போட்டிருந்தார்கள். நானும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் மாமா எடுத்த படம் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அதில் ரொம்பப் பெருமை, உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்.

அக்கா பையை இறக்காமலே நின்றாள்.

"இது ஏழாவது கூடு" என்றாள்.

"அதேதான். மேல இருந்து பாத்தா பூ பின்னி வெச்ச மாதிரி இல்ல?" என்றார் மாமா.

"எப்ப எடுத்தே?"

"முந்தாநாள். பதினாலாவது நாள், கடைசி நாள்."

"எதுக்கு எடுத்தீங்க?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா நல்ல மனநிலையில் இருந்தால் மாமாவை 'நீ' என்பாள். கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். 'நீங்க' வந்தவுடன் மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் நானே சொன்னேன். சாலை, பதினான்கு நாள், அறிக்கை செவ்வாயன்று கொடுத்தது, வழக்கமாக ஆறு மாதம் ஆகும் அனுமதி அன்று மதியமே வந்துவிட்டது, சனிக்கிழமை மரம் வெட்டு. "ஆனா கவலைப்படாதக்கா, கூட்டைக் கைவிட்டுட்டுப் போயிடுச்சு. பதினாலு நாளும் பறவையே இல்ல" என்றும் சொன்னேன், ஏதோ ஆறுதல் மாதிரி.

அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய்ப் படத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

"இலை."

"என்ன நிறம்?"

"பச்சை."

"எந்த மரத்து மேல இருக்கு கூடு?"

"சவுக்கு."

"சவுக்குல இவ்வளவு அகல இலை எப்படி வந்துச்சு? ஏணி போட்டு நீ வெச்சியா?" அவள் குரல் உயரவில்லை. "முட்டை வெச்சிருக்கற கழுகு, வேற மரத்துல இருந்து பச்சை இலை ஒடிச்சிட்டு வந்து உள்ள விரிக்கும். வாடினா மாத்தும். இது அன்னிக்குக் காலையில விரிச்ச இலைடா. கைவிட்டுப் போன வீட்டுல எவளாவது காலையில எந்திரிச்சு பெட்ஷீட் மாத்துவாளா?"

விரல் நகர்ந்தது. இலைகளுக்கு நடுவே மங்கலான வெள்ளையில் இரண்டு.

"இது என்னன்னு எழுதியிருக்கே ரிப்போர்ட்ல?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அறிக்கை மேசை மேலேயே கிடந்தது. அவளே எடுத்துப் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தாள். 'கூட்டினுள் வெள்ளை நிறப் பொருட்கள் இரண்டு காணப்படுகின்றன. பிளாஸ்டிக் கழிவாக இருக்கலாம். கடலோர மாசு காரணமாகவே பறவைகள் இக்கூட்டைக் கைவிட்டிருக்கக்கூடும்.' முதல் இரண்டு வாக்கியங்கள் என்னுடையவை. மூன்றாவது பாதிப்பில்லையினுடையது. மாசைக் கண்டித்து ஒரு வரியாவது இருந்தால் அறிக்கைக்கு ஒரு கனம் வரும் என்றார்.

அக்கா அறிக்கையை மூடி வைத்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமாதான் வாயைத் திறந்தார், வீட்டில் சமாதானம் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில். "இவன் எழுதினது தப்புதான். பறவை அங்கதான இருந்துச்சு."

"என்னது?"

"தினமும் இருந்துச்சே. மொத ரவுண்டுல பாப்பேன், உக்காந்திருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான். மொத ரவுண்டு காக்கா, புறா எல்லாத்தையும் கெளப்பி விட்ருவேன். ரெண்டாவது ரவுண்டுதான் ஷூட்டிங். ஃப்ரேம் சுத்தமா இருக்கணும்ல?" அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். "கூட்டை எடுக்கணும்னுதான் சொன்னான். மறைப்பு கூடாதுன்னு எழுதியே அனுப்பினான். பறவைய எடுக்கணும்னு யாரும் சொல்லவே இல்ல."



"எத்தனை மணிக்கு சார் பறக்க விட்டீங்க?" என்றாள் அக்கா.

சார் வந்துவிட்டது. "பன்னெண்டு. நிழல் விழக் கூடாதுன்னு..." என்று மாமா மெல்ல இழுத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். பேட்டரி மாத்தினா ஒரு மணி நேரம்."

அக்கா உட்கார்ந்தாள். "இந்த ஊரு வெயில்ல அடைகாக்கறதுன்னா சூடு கொடுக்கறது இல்ல. மத்தியானத்துல சூடு படாம காப்பாத்தறது. மேல நின்னு ரெக்கைய விரிச்சு நிழல் கொடுக்கும். பன்னெண்டு மணி வெயில்ல ஒரு மணி நேரம் தனியா கிடந்தா முட்டை வெந்துரும். அதுவும் பதினாலு நாள்." போஸ்டரைச் சுருட்டி மூலையில் வைத்தாள். "இந்தப் பதினாலு நாளும் நான் ஏசி ரூம்ல உக்காந்து, கழுகுக் கூட்டுப் பக்கத்துல சத்தம் போடக் கூடாதுன்னு குறிப்பு எடுத்திட்டிருந்தேன்."

மறுநாள் காலை நானும் அக்காவும் முந்நூறு மீட்டரில் நின்றோம். தொலைநோக்கியில் பெண் கழுகு தெரிந்தது. வெள்ளைத் தலை, சாம்பல் முதுகு, கூட்டுக்குள் ஆழமாக அமுங்கிய உடம்பு. ஆணைவிடப் பெண்தான் பெரிது. தொலைநோக்கி வழியே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனோம்.

அக்காவின் அதிகாரியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ்களின் நகல்கள் வரிசையாக இருந்தன. காப்பி வைக்கக் கூட இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரி, இருக்கு. ஒரு நாள் வந்து உக்காந்தா குடியிருக்குன்னு அர்த்தமா? நான்கூடத்தான் ரயில்வே ஸ்டேஷன்ல உக்காருவேன்."

"ரயில்வே ஸ்டேஷன்ல நீங்க முட்டை வைக்க மாட்டீங்க மேடம்" என்றாள் அக்கா.

"முட்டைன்னு யாரு சொன்னா? ரிப்போர்ட்ல பிளாஸ்டிக்னு இருக்கு."

"நான்தான் மேடம் அதை எழுதினேன்" என்றேன். "அது பிளாஸ்டிக் இல்ல. முட்டை."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன பறவை நிபுணரா?"

"இல்ல மேடம்."

"அப்ப எப்படி எழுதினீங்க?"

இந்தக் கேள்வியை இரண்டு நாள் முன்னால் யாராவது கேட்டிருக்கலாம்.

மேடம் கோப்பை இழுத்தார். "திருத்தம் வேணும்னா கம்பெனி முதலாளி கையெழுத்தோட வரட்டும். அதுக்குள்ள சனிக்கிழமை வந்துரும், அது என் கையில இல்ல. முட்டைன்னே வெச்சுக்குவோம். கைவிட்ட முட்டை. பதினாலு நாள் பறவை இல்லங்கறதுக்கு வீடியோ இருக்கு. அந்த நாட்கள்ல உங்க பதிவேடு காலி. இருந்துச்சுங்கறதுக்கு வீடியோ இருக்கா?"

அக்கா எழுந்தாள். வீடியோ எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாமா எதையும் அழிப்பதில்லை. கல்யாணம் முடிந்து மூன்று வருடம் கழித்து ஒருவர் வந்து, 'எங்க பெரியப்பா சிரிக்கற மாதிரி ஒரு ஷாட் இருக்குமா, இப்ப அவரு இல்ல' என்று கேட்பாராம். அதனால் வெட்டி எறிந்த துண்டுகளையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் தேதி போட்டு வைத்திருப்பார். பதினான்கு நாள் முதல் சுற்றுகளும் 'சுத்தம்' என்ற பெயரில் ஒன்று முதல் பதினான்கு வரை இருந்தன.

"கொடுத்தா என்ன ஆகும்?" என்று என்னைக் கேட்டார். சட்டத்தைப் படித்துச் சொல்வதும் என் தலையில்தான் விழுந்தது.

"பாதுகாக்கப்பட்ட பறவைய கூட்டுல இருந்து வெரட்டறது குற்றம் மாமா. ட்ரோனைப் பறிமுதல் பண்ணலாம். லைசென்ஸ் போகலாம். கேஸ் வரும்."

"யாரு மேல?"

"வீடியோல பறக்கறது உங்க ட்ரோன்."

"அடப்பாவி. வேலை வாங்கிக் கொடுத்தது நீ, மறைப்பு கூடாதுன்னு எழுதினது நீ, மரம் வெட்டச் சொன்னது எவனோ. கழுகுக்குச் சாட்சி சொல்லப் போய் நான் மாட்டணுமா? அடுத்த மாசம் ஆறு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன் மச்சான்."

நியாயமான கேள்வி.  அக்கா கெஞ்சுவாள், அழுவாள், சண்டை போடுவாள் என்று மாமா தயாராக இருந்தார். அவள் டிஸ்க்கை டிவியில் சொருகி, முதல் துண்டிலிருந்து ஓட விட்டாள். அவ்வளவுதான்.

முதல் நாள். மேலிருந்து கூடு நெருங்குகிறது. நடுவில் கழுகு, இறக்கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நிற்கிறது. அலகு திறந்திருக்கிறது, மூச்சு இரைக்கிறது. முப்பது மீட்டர் உயரத்தில் ட்ரோன் வந்ததுமே எழுந்து போகிறது. இரண்டாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் இருபது மீட்டருக்கு வரும்வரை நிற்கிறது. எட்டாம் நாள் ஆண் கழுகு பக்கவாட்டிலிருந்து பாய்ந்து கேமரா நடுங்குகிறது. அன்று கேமரா ஆடியது என்று மட்டும் மாமா சொன்னதை, அறிக்கையில் நான் 'பலத்த காற்று' என்று எழுதியிருந்தேன். பதினோராம் நாள் பத்து மீட்டர். நாளாக ஆக அது பழகவில்லை. போக மறுத்தது. பதினான்காம் நாள், ட்ரோன் அதன் முதுகுக்கு மேல் ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது. காற்றில் இறகுகள் சிலிர்க்கின்றன. தலையைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறது. அப்போதும் நிற்கிறது.

"அன்னிக்குக் கொஞ்சம் அடம் பிடிச்சுச்சு" என்றார் மாமா. குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது.



"ஒன்பதாவது போடு... இல்ல, அதுக்கு முன்னாடி. நிறுத்து." மாமா திரைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். "ரெக்கைய ஒரு பக்கமா சாய்ச்சிருக்கு பாரு. வெயில் வர்ற பக்கம்." கொஞ்ச நேரம் பார்த்தார். "பொண்ணு மூஞ்சில நேர் வெயில் அடிச்சா ஒருத்தன நிறுத்தித் துணி பிடிக்கச் சொல்வேன். ரெண்டு நிமிஷத்துல கை வலிக்குதுன்னு எறக்கிடுவான். எத்தனை பேரத் திட்டியிருக்கேன்." எழுந்து டிஸ்க்கைப் பிடுங்கி அக்கா கையில் வைத்தார். "நான்தான் வெரட்டினேன்னு எழுதிக்கோ. அப்புறம் எனக்கு மனசு மாறிடும், சீக்கிரம் எழுது."

வெள்ளிக்கிழமை மேடம் மூன்று துண்டுகளைப் பார்த்தார். நான்காவதை ஓட விடும்போது போதும் என்று கையைக் காட்டினார். அந்த ஒரு சைகைக்காக அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது; அது ஐந்து நிமிடம் நீடித்தது.

"மர வெட்டை நிறுத்தி வைக்கிறேன். அடைகாப்பு முடியற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?" என்றாள் அக்கா.

"அதுக்கப்புறம் கூடு காலிதானே."

"பன்னெண்டு வருஷமா வருது மேடம். அடுத்த வருஷமும் அதே மரத்துக்குத்தான் வரும். ரோட்டை எண்பது மீட்டர் வளைச்சா போதும், நடுவுல வெறும் மணல்தான். அது ரிப்போர்ட்லயே மாற்று வழின்னு இருக்கு. ஏன் வேண்டாம்னீங்க?"

"நான் எங்க வேண்டாம்னேன்? நிபுணர்கள் ஆராய்ஞ்சு காரணம் கொடுத்திருக்காங்க." மேடம் நூற்று நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "மாற்று வழி பரிசீலிக்கப்பட்டது. பனிச்சரிவு அபாயம் காரணமாக நிராகரிக்கப்படுகிறது."

ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. வாசலில் காவலாளி தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் அந்த வரியை இன்னொரு முறை, இந்த முறை சத்தமில்லாமல் படித்தார். பிறகு நிபுணர் இருக்கும் பக்கம், அதாவது என் பக்கம் பார்க்காமல், கோப்பை மூடினார்.

"ஒப்புதல் ஆனதைத் தொறக்க முடியாது. அடுத்த கூட்டத்துல பாக்கலாம்."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"தேதி வரும்."

எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் ஒருவர்கூடக் கழுகுக்கு எதிரி இல்லை. அந்த அலுவலகச் சுவரெல்லாம் கழுகுப் படம். ஒருவர் வெயிலுக்கு நேரம் குறித்தார், ஒருவர் ஃப்ரேமைச் சுத்தம் செய்தார், ஒருவர் வாக்கியத்தை முழுமையாக்கினார், ஒருவர் முத்திரை வைத்தார். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தோம். அந்த இரண்டு முட்டைகளை வேகவைக்க இத்தனை ஒழுங்கு தேவைப்பட்டது.

மாமாவின் ட்ரோனை அன்று மாலையே எடுத்துக்கொண்டு போனார்கள். ரசீது கொடுத்தார்கள், பொருளின் நிலை என்ற இடத்தில் 'நல்ல நிலை' என்று எழுதியிருந்தது. மறுநாள் பாதிப்பில்லை என்னைக் கூப்பிட்டார்.

"மனசு ஒடஞ்சு போச்சுடா. நம்ம கம்பெனிக்கு இப்படி ஒரு பேரா? ஒரு லெட்டர் எழுது. தனிநபர் ஒப்பந்ததாரரோட பொறுப்பில்லாத செயலுக்கு நிறுவனம் அதிர்ச்சி தெரிவிக்குதுன்னு. அதிர்ச்சியைக் கொஞ்சம் உருக்கமா எழுது."

"சார், மறைப்பு எதுவும் கூடாதுன்னு எழுதி அனுப்பினது நாம."

"நாம இல்ல. நீ."

அது உண்மைதான். அதனால் நான் எழுதிய கடைசிக் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன்: செய்தி என்னுடையது, பிளாஸ்டிக் என்னுடையது, பனிச்சரிவும் என்னுடையது, மாசு பற்றிய ஒரு வரி மட்டும் முதலாளியுடையது. மேடத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. நான் சாப்பிடுவது அக்கா வீட்டில்.

வேலை இல்லாததால் தினமும் அக்காவோடு முந்நூறு மீட்டருக்குப் போனேன். மற்றப் பத்துக் கூடுகளையும் முடித்துவிட்டு மத்தியானம் அவள் அங்கே வந்துவிடுவாள். அடையின் முப்பதாம் நாள், முப்பத்தைந்தாம் நாள். நாற்பத்திரண்டாம் நாள் மாமாவும் வந்தார். ஆளுக்கு ஒரு முறை தொலைநோக்கியில் கண்ணை வைத்தோம். குஞ்சு பொரித்தால் ஆண் கழுகு மீனைக் கூட்டுக்குக் கொண்டுவரும், பெண் அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் குனிந்து ஊட்டும். அந்தக் குனிதலுக்காகத்தான் காத்திருந்தோம். கழுகு குனியவில்லை. நாற்பத்தைந்தாம் நாளும் இல்லை. ஐம்பதாம் நாள் அக்கா என்னிடம், "இனிமே வராதுடா" என்றாள். 

ஆனால் கழுகு எழவில்லை. அதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

ஐம்பத்தைந்தாம் நாளிலிருந்து மேடம் தினமும் போன் செய்தார். மேலிடத்தில் கேட்கிறார்களாம். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுதிக்கொண்டே பேசுவாள்.

"இன்னுமா உக்காந்திருக்கு?"

"உக்காந்திருக்கு மேடம்."

"பொரிக்காதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல. அடைகாப்பு தோல்வின்னு எழுதிட்டா முடிஞ்சுது. உங்க கையில ஒரு வரி."

"நான் பாக்கறதத்தான் மேடம் எழுத முடியும். பறவை கூட்டில் உள்ளது. அதான் பாக்கறேன்."

"பொரிக்காத முட்டைய எதுக்கு அடைகாக்குது? அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது போல. நீங்க ஒரு கடிதம் போட்டா, நான் கீழ நின்னு படிச்சுக் காட்டறேன். முந்நூறு மீட்டர்ல இருந்துதான் படிப்பேன், விதி இருக்கு."

 "உங்களைப் பத்தி மேல எழுத வேண்டி வரும்" என்றார் மேடம்.

"எழுதுங்க மேடம். எதை வெச்சு எழுதினாலும் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டு எழுதுங்க." அக்கா தொடர்பைத் துண்டித்தாள்.  பேனாவை மூடி, மறுபடியும் திறந்தாள். "பயமா இருக்குடா" என்றாள். "பொய் எழுதலை. ஆனா முழுசாவும் எழுதலை. இது எந்த வகையில சேரும்?" அறிக்கை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத்தான் பதில் சொல்லும் தகுதி இல்லை.

முந்நூறு மீட்டரில் யாரும் தாண்டக் கூடாதென்று கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் மரம் வெட்டுகிறவர்களும் இருந்தார்கள். நிறுத்தி வைப்பு என்றால் எந்த நாளும் நீங்கலாம் என்பதால் ஒப்பந்தக்காரர் அவர்களைத் தினமும் காலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஐந்து பேரும் சீட்டாடுவார்கள். மாலையில் மேஸ்திரி எழுந்து வந்து அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் ஆட்களை ஏற்றுவார்.

அறுபத்தோராம் நாள் அவர் சீக்கிரமே வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்மா. குஞ்சு எப்ப வரும்?"

அக்கா அவரைப் பார்த்தாள். ஒரு மாதமாக எல்லோரும் எப்போது முடியும் என்றுதான் கேட்டார்கள்.

"வராதுண்ணே" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டாள்.

"வராதா? அப்புறம் எதுக்கு வெயில்ல நின்னுட்டிருக்கு?"

"உங்கள மாதிரிதான். போலாம்னு அதுக்கு யாரும் ஆர்டர் போடல."

மேஸ்திரி மரத்தைப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அங்கே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மரம் வெட்டும் எந்திரத்தின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீங்க சொன்னது என் காதுல விழல" என்றார். "நாளைக்கும் வருவோம்."

அது மிரட்டலா ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் லாரியில் ஏறினார்கள். அக்கா தொலைநோக்கியில் மறுபடியும் கண்ணை வைத்தாள்.